உலகப் பட்டினிக் குறியீடு: 4 எண்கள் ஒரே ஸ்கோர் ஆவது எப்படி? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் வந்தால் ஒரு செய்தி தவறாமல் வரும். "உலகப் பட்டினிக் குறியீட்டில் இந்தியாவுக்கு இத்தனையாவது இடம்." வந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் கார்டு சுற்றத் தொடங்கிவிடும். எதிர்க்கட்சிகள் அரசைக் கேள்வி கேட்கும். மத்திய அரசு "இந்தக் கணக்கே தப்பு" என்று மறுக்கும். இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவோம்.

2023 அறிக்கையில் 125 நாடுகளில் இந்தியாவுக்கு 111ஆவது இடம், ஸ்கோர் 28.7. 2024 அறிக்கையில் 127 நாடுகளில் 105ஆவது இடம், ஸ்கோர் 27.3. இந்த 28.7, 27.3 எல்லாம் எங்கிருந்து வந்தன? யார் வீட்டில் போய் எதை அளந்தார்கள்? நான்கு வெவ்வேறு எண்களைச் சேர்த்து ஒரே எண் ஆக்கும்போது என்ன நடக்கிறது?

பெரிய கணக்கு எல்லாம் இல்லை. கையில் இருக்கும் மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கலாம்.

யார் வெளியிடுகிறார்கள்? எதை அளக்கிறார்கள்?

அயர்லாந்தைச் சேர்ந்த 'கன்சர்ன் வேர்ல்டுவைடு', ஜெர்மனியைச் சேர்ந்த 'வெல்ட்ஹங்கர்ஹில்ஃபே' ஆகிய தொண்டு நிறுவனங்கள் இந்த அறிக்கையை வெளியிடுகின்றன. 2006ஆம் ஆண்டு முதல் இது வருகிறது. இவர்கள் தனியாக சர்வே எதுவும் எடுப்பதில்லை. ஐ.நா. அமைப்புகளும் அந்தந்த நாடுகளும் எடுத்து வைத்திருக்கும் தரவுகளை வாங்கி, ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

சேர்க்கப்படும் நான்கு எண்கள் இவைதான்:

• ஊட்டச்சத்துப் பற்றாக்குறை: நாட்டின் மொத்த மக்களில் போதிய கலோரி கிடைக்காதவர்கள் எத்தனை சதவீதம்?

• வளர்ச்சி குன்றல்: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் எத்தனை சதவீதம்?

• உடல் மெலிவு: 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் எத்தனை சதவீதம்?

• குழந்தை இறப்பு: 5 வயதை எட்டும் முன்பே இறந்துபோகும் குழந்தைகள் எத்தனை சதவீதம்?

2024 அறிக்கையில் இந்தியாவுக்கான எண்கள்: ஊட்டச்சத்துப் பற்றாக்குறை 13.7, வளர்ச்சி குன்றல் 35.5, உடல் மெலிவு 18.7, குழந்தை இறப்பு 2.9.

கூட்டி நான்கால் வகுத்தால் போதாதா?

நான்கையும் கூட்டினால் 70.8. நான்கால் வகுத்தால் 17.7. வேலை முடிந்தது என்று நினைக்கலாம். ஆனா அங்கேதான் சிக்கல்.

35.5 சதவீதக் குழந்தைகள் உயரம் குறைவு என்பதும், 2.9 சதவீதக் குழந்தைகள் இறந்துபோகிறார்கள் என்பதும் ஒரே தராசில் வைக்கக்கூடிய எண்களா? வளர்ச்சி குன்றலில் 3 சதவீதம் கூடினால் அது கவலைப்பட வேண்டிய செய்தி. குழந்தை இறப்பில் 3 சதவீதம் கூடினால் அது பேரழிவு. நேரடியாகச் சராசரி எடுத்தால் பெரிய எண் சின்ன எண்ணை விழுங்கிவிடும். இறப்பு என்ற எண் அங்கே இருப்பதே தெரியாது.

பள்ளிக்கூடத்தில் 100 மார்க் பரீட்சையையும் 10 மார்க் டெஸ்டையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் சேர்க்க வேண்டும். புள்ளியியலில் இதைத் 'தரப்படுத்துதல்' என்பார்கள்.

பட்டினிக் குறியீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1988 முதல் 2013 வரை உலகில் எங்காவது பதிவான மிக மோசமான அளவு என்ன என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே ஓர் உச்ச வரம்பை வைத்தார்கள். ஊட்டச்சத்துப் பற்றாக்குறைக்கு 80, வளர்ச்சி குன்றலுக்கு 70, உடல் மெலிவுக்கு 30, குழந்தை இறப்புக்கு 35. ஒரு நாட்டின் எண்ணை அந்த வரம்பால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2024 அறிக்கையில் இந்தியாவின் எண்களை எடுத்துக்கொள்வோம்.

• ஊட்டச்சத்துப் பற்றாக்குறை: 13.7 ÷ 80 × 100 = 17.1

• வளர்ச்சி குன்றல்: 35.5 ÷ 70 × 100 = 50.7

• உடல் மெலிவு: 18.7 ÷ 30 × 100 = 62.3

• குழந்தை இறப்பு: 2.9 ÷ 35 × 100 = 8.3

அடுத்து வெயிட்டேஜ். ஊட்டச்சத்துப் பற்றாக்குறைக்கு மூன்றில் ஒரு பங்கு. குழந்தை இறப்புக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் ஒரு பங்கை வளர்ச்சி குன்றலும் உடல் மெலிவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. அதாவது தலா ஆறில் ஒரு பங்கு.

17.1ஐ 3ஆல் வகுத்தால் 5.7. 50.7ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 8.5. 62.3ஐ 6ஆல் வகுத்தால் 10.4. 8.3ஐ 3ஆல் வகுத்தால் சுமார் 2.8. தசம இலக்கங்களை முழுதாக வைத்துக் கூட்டினால் 27.31 வரும். அறிக்கையில் இருக்கும் 27.3 இதுதான்.

2023 எண்களையும் (16.6, 35.5, 18.7, 3.1) இதே மாதிரி போட்டுப் பாருங்கள். 28.7 வரும்.

ஸ்கோர் 10க்குக் கீழே இருந்தால் 'குறைவு'. 10 முதல் 19.9 வரை 'மிதமானது'. 20 முதல் 34.9 வரை 'தீவிரமானது'. 35 முதல் 49.9 வரை 'அபாயகரமானது'. 50ம் அதற்கு மேலும் 'மிகவும் அபாயகரமானது'. இந்தியா 'தீவிரமானது' பிரிவில் இருக்கிறது. முதலில் பார்த்த நேரடிச் சராசரி 17.7ஐ இதே பட்டியலில் வைத்திருந்தால் 'மிதமானது' என்று வந்திருக்கும். எண்கள் அதேதான். சேர்க்கும் முறை மாறினால் தலைப்புச் செய்தியே மாறிவிடுகிறது.

இந்தியாவின் ஸ்கோரை எது தூக்குகிறது?

மேலே உள்ள கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். உடல் மெலிவுக்குக் கொடுத்த வெயிட்டேஜ் ஆறில் ஒரு பங்குதான். ஆனா 27.3இல் 10.4 அதிலிருந்து மட்டுமே வருகிறது. அதாவது 38 சதவீதம். வளர்ச்சி குன்றலையும் சேர்த்தால் 69 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு வெயிட்டேஜ் பெற்ற குழந்தை இறப்பு தருவது வெறும் 10 சதவீதம்.

காரணம், உச்ச வரம்பு. உடல் மெலிவுக்கு வரம்பு 30 மட்டும்தான். எனவே அதில் 1 சதவீதப் புள்ளி குறைந்தாலும் ஸ்கோர் சுமார் 0.56 குறையும். வளர்ச்சி குன்றலில் 1 புள்ளி குறைந்தால் 0.24 மட்டுமே குறையும்.

அப்போ இது இந்தியாவுக்கு எதிராகச் செய்யப்பட்ட கணக்கா? அப்படிச் சொல்ல முடியாது. வரம்பு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். மற்ற நாடுகளைவிட அந்த வரம்புக்கு அருகில் நாம் நிற்கிறோம் என்பதுதான் விஷயம். 2023, 2024 இரண்டு அறிக்கைகளிலும் உடல் மெலிவில் உலகிலேயே அதிக அளவு இந்தியாவுடையதுதான். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் வைத்திருக்கும் அளவுகோல்படி, உடல் மெலிவு 15 சதவீதத்தைத் தொட்டாலே 'மிக அதிகம்'.

மத்திய அரசு சொல்வது என்ன?

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் இந்தக் குறியீட்டைத் தொடர்ந்து மறுத்து வருகிறது. அதன் முக்கியமான வாதங்கள்:

நான்கு எண்களில் மூன்று குழந்தைகளைப் பற்றியவை. அவற்றை வைத்து மொத்த நாட்டின் பசியை எப்படிச் சொல்ல முடியும்? இது நியாயமான கேள்விதான். 'பட்டினி' என்று பெயர் வைத்தால், சோறு இல்லாமல் கிடப்பவர்களைத்தான் நாம் நினைப்போம். ஆனா குறியீடு அளப்பதில் பெரும்பகுதி குழந்தைகளின் நிலை. பெயருக்கும் அளவுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது வாதம், ஊட்டச்சத்துப் பற்றாக்குறை எண் வெறும் 3,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு என்பது. குறியீட்டை வெளியிடுபவர்கள் இதை ஏற்கவில்லை. நாட்டில் எவ்வளவு உணவு உற்பத்தியாகிறது, இறக்குமதியாகிறது, மக்களுக்குக் கிடைக்கிறது என்ற உணவு இருப்புக் கணக்கை வைத்து ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு போடும் எண் அது என்பது அவர்கள் பதில்.

மூன்றாவது வாதம்தான் முக்கியமானது. அரசின் 'போஷன் டிராக்கர்' செயலியில் உடல் மெலிவு மாதாமாதம் 7.2 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் குறியீட்டில் 18.7 என்று போட்டிருக்கிறார்கள் என்று 2023இல் அமைச்சகம் சொன்னது.

சரி, அரசு சொல்லும் 7.2ஐயே வைத்துக் கணக்குப் போடுவோம். 7.2 ÷ 30 × 100 = 24. அதை 6ஆல் வகுத்தால் 4. 10.4 இருந்த இடத்தில் 4. 2023இன் 28.7 ஸ்கோர் 22.3 ஆகிறது.

ஸ்கோர் குறைந்தது உண்மை. ஆனா 20ஐத் தாண்டித்தான் நிற்கிறது. அரசின் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இந்தியா இருக்கும் பிரிவு அதே 'தீவிரமானது'தான். வருஷா வருஷம் நடக்கும் சண்டையில் இந்த ஒரு வரியை யாரும் பேசுவதில்லை.

7.2, 18.7, 19.3: ஏன் இத்தனை எண்கள்?

18.7 என்பது யாரோ வெளிநாட்டில் உட்கார்ந்து போட்ட எண் இல்லை. மத்திய அரசே நடத்திய தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலிருந்து (2019-21) வந்தது. 707 மாவட்டங்களில், 6.36 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய் எடுத்த ஆய்வு அது. குழந்தையின் உயரத்தை அளந்து, எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வறிக்கையில் உடல் மெலிவு 19.3 சதவீதம் என்று இருக்கும். யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு, உலக வங்கி மூன்றும் சேர்ந்து வெளியிடும் மதிப்பீட்டில் அதே ஆய்வுக்கு 18.7. குறியீடு இந்த இரண்டாவது எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. அதாவது இந்தியாவுக்குச் சற்று சாதகமான எண்ணை.

போஷன் டிராக்கர் வேறு வகை. அங்கன்வாடிகளில் பதிவு செய்து, அங்கே அளக்கப்படும் குழந்தைகளின் கணக்கு அது. அங்கன்வாடிப் பக்கமே வராத குழந்தை அதில் வராது. வீடு வீடாகப் போகும் சர்வேயில் அந்தக் குழந்தையும் சிக்கும். எனவே இரண்டையும் நேருக்கு நேர் வைத்து "இதில் எது பொய்?" என்று கேட்பது சரியான கேள்வி இல்லை. இரண்டும் அளக்கும் கூட்டம் வேறு.

இன்னொன்று. மற்ற நாடுகளுக்கெல்லாம் சர்வே எண்ணை வைத்துவிட்டு, இந்தியாவுக்கு மட்டும் செயலி எண்ணை வைத்தால் அப்புறம் ஒப்பீடு என்பதற்கே அர்த்தம் இருக்காது.

111இலிருந்து 105: நாம் 6 இடம் முன்னேறினோமா?

இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. ஓர் ஆண்டு அறிக்கையை இன்னோர் ஆண்டு அறிக்கையோடு ஒப்பிட வேண்டாம் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் உள்ள நாடுகள் மாறும். பழைய தரவுகள் திருத்தப்படும்.

2023, 2024 இரண்டிலும் வளர்ச்சி குன்றல் 35.5, உடல் மெலிவு 18.7 என்று ஒரே எண்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? இடையில் புதிய சர்வே முடிவு வரவில்லை, எனவே பழைய எண்ணே திரும்ப வந்திருக்கிறது. ஸ்கோரில் தெரிந்த வித்தியாசம் முழுவதும் மற்ற இரண்டு எண்களால் வந்ததுதான். "குழந்தைகள் நிலை ஒரே வருடத்தில் மேம்பட்டது" என்றோ "அப்படியே கிடக்கிறது" என்றோ இதை வைத்துச் சொல்ல வழியே இல்லை.

இந்தத் தப்பு பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2014 அறிக்கையில் இந்தியா 55ஆவது இடம், 2017இல் 100ஆவது இடம். "மூன்றே வருடத்தில் 45 இடம் சரிவு" என்று அப்போது பரவியது. ஆனா 2014 பட்டியலில் இருந்தது 76 நாடுகள்தான். ஸ்கோர் 5க்குக் கீழே இருந்த 44 நாடுகளைத் தரவரிசையில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தார்கள். 2017இல் அப்படிப்பட்ட நாடுகளையும் சேர்த்து 119. நடுவில் கணக்கிடும் முறையே மாறியிருந்தது. பந்தயத்தில் ஓடியவர்கள் எண்ணிக்கையே வேறு.

அப்போ முன்னேற்றத்தை எப்படித்தான் பார்ப்பது? ஒரே அறிக்கைக்குள், ஒரே முறையில் திருத்திக் கொடுத்திருக்கும் பழைய ஸ்கோர்களைப் பார்க்க வேண்டும். 2024 அறிக்கையின்படி இந்தியாவின் ஸ்கோர் 2000ஆம் ஆண்டில் 38.4, 2008இல் 35.2, 2016இல் 29.3, 2024இல் 27.3. நீண்ட காலத்தில் நிச்சயம் முன்னேறியிருக்கிறோம். ஆனா 2008 முதல் 2016 வரை 5.9 குறைந்த ஸ்கோர், அடுத்த 8 ஆண்டுகளில் 2 மட்டுமே குறைந்திருக்கிறது. பேச வேண்டிய செய்தி ரேங்க் அல்ல, இதுதான்.

அண்டை நாட்டோடு போட்டி போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024இல் பாகிஸ்தானின் ஸ்கோர் 27.9, நம்முடையது 27.3. வித்தியாசம் 0.6. உடல் மெலிவில் சுமார் 1 புள்ளி மாறினாலே இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். சர்வே என்றால் முன்பின் பிழை வரம்பு உண்டு. தசமத்தில் ஜெயித்ததைக் கொண்டாட எதுவும் இல்லை. ஆனா 19.4 எடுத்த வங்கதேசம், 14.7 எடுத்த நேபாளம், 11.3 எடுத்த இலங்கை ஆகியவற்றோடு இருக்கும் வித்தியாசம் தசமம் இல்லை.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் மாநிலங்கள்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருந்தால்தான் அது சரி. இந்தியா ஒரே பானை இல்லையே.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் மூன்று மாநிலங்களைப் பாருங்கள்:

• மேகாலயா: வளர்ச்சி குன்றல் 46.5, உடல் மெலிவு 12.1

• மகாராஷ்டிரா: வளர்ச்சி குன்றல் 35.2, உடல் மெலிவு 25.6

• தமிழ்நாடு: வளர்ச்சி குன்றல் 25.0, உடல் மெலிவு 14.6

இரண்டு எண்களையும் நேரடியாகச் சராசரி எடுத்தால் மேகாலயாவுக்கு 29.3, மகாராஷ்டிராவுக்கு 30.4. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும். பட்டினிக் குறியீட்டின் உச்ச வரம்பால் வகுத்துவிட்டுச் சராசரி எடுத்தால் மேகாலயாவுக்கு 53.4, மகாராஷ்டிராவுக்கு 67.8. பெரிய இடைவெளி. தமிழ்நாட்டுக்கு 42.2. (இது நாம் போட்டுப் பார்த்த கணக்கு. குறியீடு மாநிலவாரியாக வெளியிடப்படுவதில்லை.)

ஆனா எந்த முறையில் சேர்த்தாலும் ஒரு விஷயம் மறைந்துபோகிறது. மேகாலயாவின் பிரச்சனை வளர்ச்சி குன்றல். கருவில் இருந்தே தொடங்கி, நீண்ட நாள் போதிய ஊட்டம் இல்லாததால் வருவது. மகாராஷ்டிராவின் பெரிய பிரச்சனை உடல் மெலிவு. அண்மையில் உணவு குறைந்ததாலோ நோய் வந்ததாலோ எடை சரிவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரே எண்ணாகச் சேர்த்துவிட்டால் எந்த மருந்து யாருக்கு என்பது தெரியாது.

மாநிலங்களைச் சேர்த்து நாட்டின் சராசரி எடுக்கும்போதும் ஒரு பொறி உண்டு. வளர்ச்சி குன்றல் உத்தரப் பிரதேசத்தில் 39.7, சிக்கிமில் 22.3. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 31. ஆனா 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் இருப்பது சுமார் 20 கோடிப் பேர், சிக்கிமில் சுமார் 6 லட்சம். மக்கள் தொகைக்கு ஏற்ற எடை கொடுத்தால் 39.6 வரும். சிக்கிம் சேர்ந்ததே தெரியாது. சர்வே எண்களில் 'வெயிட்' பார்க்காமல் சராசரி எடுத்தால் இப்படித்தான் 8.6 புள்ளிகள் மாயமாகும்.

கம்ப்யூட்டரில் எங்கே சறுக்கும்?

இந்த எண்கள் எல்லாம் முதலில் வரிசை வரிசையாக ஒரு ஃபைலில் இருப்பவை. ஒரு வரிசை என்றால் ஒரு குழந்தை. எக்செல், எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா, ஆர் என்று ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டுச் சராசரி, இடைநிலை, பரவல் எல்லாம் எடுப்பார்கள். பட்டனை அழுத்தினால் விடை வந்துவிடும். சரியான விடையா என்பதுதான் கேள்வி.

குடும்ப நல ஆய்வின் மூலத் தரவில் குழந்தையின் உயர அளவீட்டு எண், தசமப் புள்ளி இல்லாமல் பதிவாகியிருக்கும். மைனஸ் 1.50 என்பது மைனஸ் 150 என்று இருக்கும். அளவு நம்ப முடியாததாக இருந்தால் அந்த இடத்தில் 9998 போன்ற ஒரு குறியீட்டு எண் இருக்கும். 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று அதற்கு அர்த்தம். மென்பொருளுக்கு அது தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். 9 குழந்தைகள் மைனஸ் 150, ஒரு குழந்தைக்கு 9998 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே சராசரி எடுத்தால் பிளஸ் 865 வரும். அதாவது 8.65. உயரம் குறைந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நொடியில் ராட்சசர்கள் ஆகிவிடுவார்கள்!

விடுபட்ட பதில்களும் இதே ரகம். நான்கு கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றால் மொத்த ஸ்கோர் என்ன? எக்செலின் சராசரி ஃபார்முலா காலி இடத்தை விட்டுவிட்டு மீதி மூன்றுக்குச் சராசரி தரும். அங்கே யாராவது பூஜ்யம் போட்டிருந்தால் அதையும் சேர்த்து வகுக்கும். ஸ்டேட்டாவில் பிளஸ் போட்டுக் கூட்டினால் ஒன்று விடுபட்டாலும் மொத்தமே காலி. அதே ஸ்டேட்டாவில் வரிசைக் கூட்டல் கட்டளை கொடுத்தால் விடுபட்டதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே தரவு, ஒரே மென்பொருள், இரண்டு விடை.

பட்டினிக் குறியீட்டில் இதற்கு விதி உண்டு. 2024இல் எடுத்துக்கொண்ட 136 நாடுகளில், போதிய தரவு இல்லாத 9 நாடுகளுக்கு ரேங்க் கொடுக்கவில்லை. கடைசி ரேங்க் வாங்கிய நாடுதான் உலகிலேயே மோசம் என்று நினைக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். அதைவிட மோசமான இடத்தில் அளக்கவே ஆள் இல்லாமல் இருக்கலாம்.

முதலில் குழந்தையைச் சேர்ப்பதா, சதவீதத்தைச் சேர்ப்பதா?

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஊர்கள், ஊருக்கு 10 குழந்தைகள். இரண்டு ஊரிலும் வளர்ச்சி குன்றல் 40 சதவீதம், உடல் மெலிவு 40 சதவீதம். சதவீதங்களைச் சேர்க்கும் எந்தக் குறியீட்டிலும் இரண்டு ஊருக்கும் ஒரே ஸ்கோர்தான் வரும்.

ஆனா முதல் ஊரில் 4 குழந்தைகளுக்கு உயரப் பிரச்சனை, வேறு 4 குழந்தைகளுக்கு எடைப் பிரச்சனை. மொத்தம் பாதிக்கப்பட்டவர்கள் 8. இரண்டாவது ஊரில் அதே 4 குழந்தைகளுக்கு இரண்டு பிரச்சனையும். மற்ற 6 பேரும் நலம். இரண்டும் ஒரே நிலைமையா? இரண்டும் ஒருசேர உள்ள குழந்தைக்கு உயிராபத்து பல மடங்கு அதிகம் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. இரண்டாவது ஊரில் அந்த 4 பேரை உடனடியாகத் தேடிப் போக வேண்டும்.

இதற்காகவே பொருளாதார நிபுணர் பீட்டர் ஸ்வெட்பெர்க் 2000ஆம் ஆண்டில் வேறொரு முறையை முன்வைத்தார். முதலில் ஒவ்வொரு குழந்தைக்கும் அளவீடுகளைச் சேர்த்து 'ஏதாவது ஒரு குறைபாடு உண்டா, எத்தனை உண்டு' என்று பார்ப்பது. அதன் பிறகு சதவீதம் எடுப்பது. சேர்க்கும் வரிசை மாறினால் கண்ணில் படும் குழந்தைகளும் மாறுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

"நாம் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்று தோன்றலாம். தேசிய சராசரியோடு பார்த்தால் ஆமாம். 2015-16இல் 19.7 சதவீதமாக இருந்த உடல் மெலிவு 2019-21இல் 14.6 ஆகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்.

ஆனா 14.6 என்றால் ஏறக்குறைய 7 குழந்தைகளில் ஒரு குழந்தை. உலக சுகாதார அமைப்பின் அளவுகோலில் இது 'அதிகம்'. 'மிக அதிகம்' என்ற கோட்டுக்கு 0.4 புள்ளிதான் பாக்கி. இந்தியா முழுவதும் உடல் மெலிவு தமிழ்நாட்டு அளவுக்குக் குறைந்துவிட்டதாக வைத்து 2024 கணக்கைப் போட்டால் ஸ்கோர் 25. அப்போதும் 'தீவிரமானது'தான். நம்முடைய அளவு நாடு முழுவதற்கும் இலக்காக வைக்கக்கூடிய அளவு இல்லை.

மதிய உணவு, காலை உணவு என்று பள்ளிக் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் வலுவான திட்டங்கள் உண்டு. ஆனா இந்தக் குறியீடு பார்ப்பது பள்ளிக்கு வருவதற்கு முந்தைய 5 வருடங்களை. அந்த வயதுக்கான கதவு அங்கன்வாடிதான். 6 வயது வரையிலான குழந்தைகளை அளந்து, ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ளவர்களைக் கண்டறியும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், மாதம் ஒரு முறை உயரமும் எடையும் அளந்து குறிக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லா ஸ்கோரும் அந்த ஓர் அளவிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த முறை ரேங்க் கார்டு வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த ஸ்கோருக்குள் எத்தனை எண்கள் இருக்கின்றன, அவை என்னென்ன?

2. எந்த எண் ஸ்கோரை அதிகம் தூக்குகிறது அல்லது இறக்குகிறது?

3. அந்த எண்கள் எந்த ஆண்டு சர்வேயில் எடுக்கப்பட்டவை?

4. பட்டியலில் மொத்தம் எத்தனை நாடுகள்? போன முறையும் அதே நாடுகள், அதே முறைதானா?

5. விடுபட்டவர்கள் யார்?

மகிழ்ச்சிக் குறியீடு, கல்லூரித் தரவரிசை, தூய்மை நகரப் பட்டியல் என எந்தக் கூட்டு ஸ்கோருக்கும் இந்த ஐந்தும் பொருந்தும்.

பட்டினிக் குறியீட்டில் குறைகள் இருக்கின்றன. பெயரில் இருந்து வெயிட்டேஜ் வரை கேள்வி கேட்க இடம் உண்டு. ஆனா வெயிட்டேஜை எப்படி மாற்றினாலும் மாறாத ஒரு விஷயம் உள்ளே இருக்கிறது. நம் அரசே வீடு வீடாகப் போய் அளந்த கணக்கில், 100 குழந்தைகளில் 35 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 19 பேருக்கு உயரத்துக்கேற்ற எடை இல்லை. ரேங்க் 111ஆ 105ஆ என்பதை விட்டுவிட்டு, அடுத்த சர்வேயில் இந்த 35ம் 19ம் என்ன ஆகிறது என்று பார்க்கத் தொடங்கலாம்.